குளிர்காலத்தின் கொடும்பாவி

முப்பத்துநான்கு வயதில் "நான் ஓய்வு பெற்றவள்" என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனாலும் உண்மை. சென்னைக்கு வரும் ரஷ்யப் பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதும், அவர்கள் பண்டிகை நாளில் இங்கே இருக்க நேர்ந்தால் அந்தப் பண்டிகையை நடத்திக் கொடுப்பதும் ஒன்பது வருடம் என் வேலையாக இருந்தது. அதிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. திரும்பப் போகிற எண்ணம் இல்லை.

சென்ற வாரம், என் இடத்தில் இப்போது இருக்கும் பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, அடுத்த மாசம் ஒரு குரூப்புக்கு மாஸ்லெனித்சா பண்ணணும். போலீஸ் பர்மிஷன் லெட்டரை ஃபோனே தமிழ்ல எழுதிக் குடுத்துடுச்சு. ஒரு வார்த்தை மட்டும் சரியான்னு சொல்லுங்க. கொடும்பாவி."

"லெட்டரைக் கிழிச்சுப் போடு."

"ஏங்க்கா, தப்பான வார்த்தையா?"

இல்லை. மிகச் சரியான வார்த்தை. அந்தச் சரியான வார்த்தையால் எனக்கு என்ன ஆனது என்பதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தது கருவியியல் பொறியியல். முதல் வேலை ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சிறிய பட்டறையில், அழுத்தமானிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது. அங்கே ஒரு பழைய ரஷ்ய இயந்திரம் இருந்தது. அதன் கையேட்டைப் படிக்க ஆளில்லாததால் மாலை வகுப்புக்குப் போய் ரஷ்ய மொழி கற்றேன். மூன்று வருடத்தில் எனக்கு மொழி வந்தது, இயந்திரம் பழைய இரும்புக்குப் போனது. மொழியை வீணாக்க வேண்டாம் என்று தி. நகரில் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் சேர்ந்தேன். என் பயிற்சிக்காலம் இவ்வளவுதான்.

நிறுவனம் என்றால் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். அதை நடத்தியவர் ஹமீதா மேடம். என்னை இன்ஜினியரம்மா என்றுதான் கூப்பிடுவார். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: "ஆயிடும்." யானை வேண்டுமா, ஆயிடும். மழை நிற்க வேண்டுமா, ஆயிடும். உண்மையிலேயே ஆகுமா என்பதை அவருடைய கண்ணாடியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடியைக் கழற்றாமல் சொன்னால் ஆகும். கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னால், அதை ஆக்க வேண்டியது நான்.

மயிலாப்பூர்க் கோயிலுக்குப் பயணிகளை அழைத்துப் போகும்போது ஆட்களை எண்ணுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். "தலையை எண்ணாதே, தலை நகரும். செருப்பை எண்ணு." உள்ளே போகும்போது எத்தனை ஜோடி, வெளியே வரும்போது எத்தனை ஜோடி. மீதி இருக்கும் செருப்பின் அளவை வைத்தே உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். பிழையே இல்லாத முறை என்று நம்பினேன். ஒரு நாள் கணக்கு ஒன்று குறைந்தது. தெப்பக்குளத்தை இரண்டு முறை சுற்றித் தேடிவிட்டு வந்தால், யூரி என்பவர் செருப்பைத் தோள்பைக்குள் போட்டுக்கொண்டு, சர்க்கரைப் பொங்கல் வரிசையில் மூன்றாவது முறையாக நின்றிருந்தார். அன்று முதல் என் பட்டியலில் "பைகளைத் தட்டிப் பார்க்கவும்" என்ற வரியும் சேர்ந்தது.

இனி அந்தக் கொடும்பாவி விவகாரம்.

அது நான் சேர்ந்த நான்காவது வருடம். கலீனா பெத்ரோவ்னா என்ற இசை ஆசிரியை, தன் சிறு நகரத்து நாட்டுப்புறப் பாட்டுக் குழுவோடு வந்திறங்கினார். மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். அவர்கள் ஊரில் விருந்தினர்களுக்குப் பண்டிகை நடத்திக் காட்டுவதுதான் அந்தக் குழுவின் வேலை. இந்த முறை தாங்களே விருந்தினராக வந்த இடத்தில் மாஸ்லெனித்சா வாரம் வந்துவிட்டது. குளிர்காலத்தை வழியனுப்பும் வாரம் அது. வாரம் முழுக்க வட்ட வட்டமாக அப்பம் சுட்டுத் தின்பார்கள். கடைசி ஞாயிறன்று வைக்கோலில் செய்த ஒரு பெண் உருவத்தை எரிப்பார்கள். அவள்தான் குளிர்காலம்.

"எரிக்காமல் விட்டால் எங்கள் ஊரில் பனி உருகாது" என்றார் கலீனா பெத்ரோவ்னா. பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். மறுபாதியைப் பற்றி எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. "ஞாயிற்றுக்கிழமையே நடக்க வேண்டும். திங்கள் முதல் எங்களுக்கு நோன்பு."

"நோன்புக்கு முந்தின நாளா? அப்ப மாத்தவே கூடாது" என்றார் ஹமீதா மேடம். "ஆயிடும்." கண்ணாடியைக் கழற்றினார்.

எனக்கும் இதில் ஒரு சொந்த ஆசை இருந்தது. அந்தக் கோடையில் தங்கள் ஊருக்கு வந்து ஒரு மாதம் தங்கும்படி கலீனா பெத்ரோவ்னா என்னை அழைத்திருந்தார். அழைப்புக் கடிதத்துக்கு மாதக் கடைசிக்குள் என் பாஸ்போர்ட் எண் வேண்டும். ஏழு வருடமாக ரஷ்ய மொழியில் புழங்கியவள், ரஷ்யாவைப் பார்த்ததில்லை. பாஸ்போர்ட்டே கிடையாது. விண்ணப்பித்து, அது போலீஸ் விசாரணையில் நின்றிருந்தது. நான் குடியிருந்தது அடையாறு. பண்டிகைக்கு எடுத்த மைதானமும் அடையாறு. ஆக, எரிப்பதற்கு அனுமதி தர வேண்டியதும் என் பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டியதும் ஒரே இன்ஸ்பெக்டர்.

அந்த வைக்கோல் உருவத்துக்கு ரஷ்ய மொழியில் "சூச்சிலா" என்று பெயர். அலுவலகத்தில் இருந்த அகராதியில் மூன்று பொருள் போட்டிருந்தது: பாடம் செய்த விலங்கின் உடல், சோளக்கொல்லைப் பொம்மை, கொடும்பாவி. முதலாவது பொருந்தாது. இரண்டாவதை யாரும் எரிப்பதில்லை. மூன்றாவதை எரிப்பார்கள். எனவே மூன்றாவது. என் கடிதம் இப்படி அமைந்தது:

பொருள்: கொடும்பாவி எரிக்க அனுமதி கோருதல்.
1. உருவம்: பெண். உயரம்: ஆறு அடி.
2. எரிப்போர்: ரஷ்ய நாட்டினர் முப்பத்தெட்டுப் பேர்.
3. காரணம்: குளிர்காலம் ஒழிய.
4. உடன் நிகழ்ச்சிகள்: ஊர்வலம், பாட்டு, அப்பம், வழுக்கு மரம், கைச்சண்டை (விளையாட்டாக).
5. தயார் நிலையில்: தண்ணீர் நான்கு வாளி.

கீழே கையெழுத்து, ச. நித்யா. இன்றும் இந்தக் கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழை காட்ட முடியாது.

இன்ஸ்பெக்டர் ஐம்பதைத் தொட்டவர், நிதானமானவர். கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு என்னையும், பக்கத்தில் பூப்போட்ட சால்வையோடு உட்கார்ந்திருந்த கலீனா பெத்ரோவ்னாவையும் பார்த்தார்.

"யாரும்மா அந்த லேடி?"

"குழுத் தலைவி சார்."

"இவங்க இல்லம்மா. எரிக்கப் போறீங்களே, அந்த லேடி."

"அது யாரும் இல்ல சார். குளிர்காலம்."

"குளிர்காலம்." பேனாவை மூடினார். "நம்மூருக்கு அது வர்றதே பத்து நாள். வந்துட்டுப் போறது மேல அவங்களுக்கு என்னம்மா கோவம்?"

நான் விளக்கத் தொடங்கினேன். என்ன பேச்சு என்று ஊகித்த கலீனா பெத்ரோவ்னா உதவிக்கு வந்தார். கைகளை விரித்து, உயரம் காட்டி, தீ எழும்புவது போல விரல்களை ஆட்டி, "சூச்சிலா! சூச்சிலா!" என்றார் மலர்ந்த முகத்தோடு.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். "இப்பத்தான் பேரு வெளிய வருது. நீங்க குளிர்காலம்ங்கறீங்க. அந்தம்மா சுசீலாங்கறாங்க. யாரு அந்த சுசீலா?"

"சுசீலா இல்ல சார், சூச்சிலா."

"அதைத்தானே நானும் சொல்றேன்?"

ஓரமாக நின்றிருந்த ஏட்டுக்கு இருமல் வந்தது. இன்ஸ்பெக்டர் கடிதத்தின் அடியில் இருந்த என் பெயரை மறுபடி பார்த்தார். மேசையின் இடது பக்க அடுக்கிலிருந்து ஒரு கோப்பை உருவினார். "ச. நித்யா. இந்தப் பாஸ்போர்ட் உங்களதுதானே?" கொடும்பாவிக் கடிதத்தை அந்தக் கோப்பிலேயே செருகி மூடினார்.

வெளியே வந்ததும் ஏட்டு பின்னாலேயே வந்தார். "தப்பா நினைச்சுக்காதம்மா. சாரோட மாமியார் பேரும் அதான். அதான் கொஞ்சம் பதறிட்டாரு."

ஹமீதா மேடத்திடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"வார்த்தைய மாத்து. போகின்னு போடு."

"போகி ஜனவரியிலயே முடிஞ்சிடுச்சே மேடம்."

"அவங்க ஊர்ல லேட்டு."

"அது பொய் இல்லையா?"

"பழசைக் கொளுத்துறாங்களா? கொளுத்துறாங்க. புதுசுக்குக் காத்திருக்காங்களா? காத்திருக்காங்க. இதுல எதும்மா பொய்?"

"ரஷ்ய நாட்டுப் போகி" என்ற புதிய கடிதத்தை இன்ஸ்பெக்டர் ஒரே முறைதான் படித்தார். அடியில் மூன்று நிபந்தனைகள் எழுதினார். ஒன்று, பொம்மைக்கு முகம் இருக்கக் கூடாது. இரண்டு, கோஷம் கூடாது. மூன்று, இன்ஸ்பெக்டராகிய எனது முன்னிலையில் மட்டுமே தீ மூட்ட வேண்டும். கீழே என்னைக் கையெழுத்திடச் சொன்னார். பழைய கடிதத்தைத் திருப்பித் தரவில்லை. "ஞாயித்துக்கெழமை எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு உங்க ஃபைலை எடுக்கறேன்" என்றார்.

முகம் கூடாது என்ற செய்தியைத் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். கலீனா பெத்ரோவ்னா துள்ளி எழுந்தார். "அதுதான் பழைய வழக்கம்! எங்கள் பாட்டிமார் பொம்மைக்கு முகம் வைக்க மாட்டார்கள், வைத்தால் உயிர் வந்துவிடும் என்பார்கள். உங்கள் இன்ஸ்பெக்டர் இதையெல்லாம் எங்கே படித்தார்?"

பொம்மை செய்ய ஈக்காட்டுத்தாங்கல் செல்வத்திடம் போனேன். என் பழைய பட்டறைக்கு அடுத்த சந்தில் இருந்தார். மாநாட்டு வளைவு, கட்அவுட், கொடும்பாவி மூன்றும் அவருடைய தொழில். கட்சி பேதம் பார்ப்பதில்லை.

"இன்னா மேடம், யாரு மூஞ்சி?"

"மூஞ்சி வேணாம்."

"மூஞ்சி இல்லாம யாரைன்னு கொளுத்துவீங்க?"

"குளிர்காலத்தை."

செல்வம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "நம்மளுக்கு இன்னா, ஆர்டர் ஆர்டர்தான். எவ்ளோ நேரம் எரியணும்? போலீஸு பாஞ்சு புடுங்கறதுக்குள்ள எரியணும்னா ஒரு மாதிரி கட்டணும். நின்னு எரியணும்னா வேற மாதிரி."

"நின்னு எரியணும். ஒரு பாட்டு முழுசாப் பாடுவாங்க. அப்புறம் செல்வம், முக்கியமான விஷயம். போலீஸ் வந்த பிறகுதான் கொளுத்தணும்."

"எப்பவும் அப்டித்தானே மேடம்?" என்றார்.

அந்தப் பதிலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

ஞாயிறு மாலை நாலரை மணிக்கு மைதானத்தில் என் பட்டியலின்படி எல்லாம் இருந்தன. மயிலாப்பூர் மெஸ் ஒன்றிலிருந்து வந்த மாஸ்டர், மைதாவைப் பாலில் கரைத்து இரண்டு கல்லில் அப்பம் ஊற்றினார். தொட்டுக்கொள்ளத் தேனும் பாலேடும் போதும் என்று சொல்லியிருந்தேன். "கல்லுல வட்டமா எது ஊத்தினாலும் சாம்பார் இல்லாம எறக்க மாட்டேன் மேடம்" என்று ஒரு வாளி சாம்பாரும் கொண்டுவந்துவிட்டார். வழுக்கு மரத்தில் இரண்டு பேர் பாதி ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில், முகமில்லாத ஆறடிப் பெண், சிவப்புப் புடவையில் கைகளை விரித்து நின்றாள். பக்கத்தில் செல்வம். வரிசையாக நான்கு வாளித் தண்ணீர். இடம் மிச்சமாகட்டும் என்று சாம்பார் வாளியையும் நான்தான் அதே வரிசையில் வைத்தேன்.

நாலே முக்காலுக்கு வாசலில் ஜீப் திரும்பியது. இன்ஸ்பெக்டர் அதில் இல்லை. ஏட்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும் முன்னால் வந்திருந்தார்கள்.

செல்வத்துக்கு ஜீப் தெரிந்தது. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. போலீஸ் வந்தாயிற்று. தீக்குச்சியைக் கிழித்தார்.

கான்ஸ்டபிள்களுக்குத் தீ தெரிந்தது. அவர்களுக்கும் அது போதும். ஜீப் நிற்பதற்குள் குதித்து ஓடி வந்தார்கள். நான் "சார், பர்மிஷன் இருக்கு சார்!" என்று காகிதத்தோடு குறுக்கே ஓடினேன். கொடும்பாவி எரிக்கும் இடங்களில் இப்படி ஒருவர் காகிதத்தோடு குறுக்கே ஓடுவது வழக்கமாம், யாரும் நிற்கவில்லை. முதல் வாளி விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது சாம்பார். ஒருவர் இடுப்பைப் பிடிக்க, இன்னொருவர் காலைப் பிடிக்க, குளிர்காலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி ஜீப்பின் பின்னிருக்கையில் உட்கார வைத்துவிட்டார்கள். முருங்கைக்காய்த் துண்டு ஒன்று தோளில் நின்றது.

எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். முப்பத்தெட்டுப் பேரும் கையில் அப்பத்தோடு நின்றார்கள். கலீனா பெத்ரோவ்னா என்னிடம் மெல்லக் கேட்டார்: "இது உங்கள் ஊர் வழக்கமா?"

"ஆமாம்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாருய்யா இது?"

"கொடும்பாவி சார்! எரிக்கறதுக்குள்ள புடிச்சிட்டோம்!"

"பர்மிஷன் குடுத்ததே நான்தான்யா!" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "என் முன்னிலையில்னு எழுதினேனா இல்லையா?"

"எழுதினீங்க சார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போலீஸ் வந்த பிறகுன்னு சொல்லிட்டேன் சார்."

"ஏட்டும் போலீஸ்தானேம்மா?"

"அதான் சார் ஆயிடுச்சு."

"நிபந்தனைல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நாளைக்கு உங்க ஃபைலை எடுக்கறப்ப இதை நான் எப்படிப் பார்க்காம இருக்கறது?"

என் கோடைக்காலம் அந்த ஜீப்பின் பின்னிருக்கையில் சாம்பார் சொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்போது செல்வம்தான் பேசினார்.

"சார், இன்னொண்ணு கீது."

"இன்னொண்ணா?"

"வண்டில, தார்ப்பாய்க்குக் கீய. எப்பவும் ரெண்டு செய்யறது சார். ஒண்ணு கொளுத்த, ஒண்ணு உங்களுக்கு."

இன்ஸ்பெக்டர் செல்வத்தின் பக்கம் திரும்பினார். "அப்ப இத்தினி வருஷமா நாங்க புடிச்சதெல்லாம்..."

"அது கொஞ்சம் சுமாரா செய்யறது சார். நல்லது வண்டிலயே இருக்கும்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "எடுத்துட்டு வா. ஒரு தடவையாவது நல்லதைப் பார்க்கறேன்."

நல்லது உண்மையிலேயே நன்றாக இருந்தது. கலீனா பெத்ரோவ்னா தன் பூப்போட்ட சால்வையைக் கழற்றி அவள் தோளில் கட்டினார். ஊர்வலம் மூன்று சுற்று வந்தது. இன்ஸ்பெக்டர் தலையசைத்த பிறகே செல்வம் குச்சியைக் கிழித்தார். குழு கைகோத்து வட்டமாகப் பாடியது. பாட்டின் முடிவில் முப்பத்தெட்டுப் பேரும் "சூச்சிலா! சூச்சிலா!" என்று கத்தியபோது, ஏட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அது கோஷமா இல்லையா என்று இன்ஸ்பெக்டர் யாரையும் கேட்கவில்லை. தீ அடங்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தார். "நின்னு எரியுது" என்றார்.

தீ அடங்கியதும் கலீனா பெத்ரோவ்னா நேராக அவர் முன்னால் போய், இடுப்பு வரை குனிந்து வணங்கி, ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டர் ஓர் அடி பின்வாங்கினார்.

"என்னம்மா சொல்றாங்க?"

"மன்னிப்புக் கேக்கறாங்க சார். இன்னைக்கு மன்னிப்பு ஞாயிறு. நோன்புக்கு முன்னாடி ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கணும்."

"எதுக்கு?"

"குறிப்பா எதுக்கும் இல்ல சார். எல்லாத்துக்கும்."

அதற்குள் கலீனா பெத்ரோவ்னாவின் பின்னால் வரிசை நின்றுவிட்டது. கோயிலில் செருப்பைப் பைக்குள் போட்ட அதே யூரி, அக்கார்டியன் வாசித்தவர், வழுக்கு மரத்தில் ஏறிய இருவர், எல்லோரும்.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒருத்தன் தானா ஒத்துக்கிட்டது இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர். "நான் என்ன சொல்லணும்?"

"'கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்'னு சொல்லணும் சார்."

சொன்னார். முப்பத்தெட்டு முறை, தமிழில், ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துச் சொன்னார். செல்வமும் வரிசையில் நின்றார். "ரெண்டாவது பொம்மைக்கு சார்" என்றார். அவருக்கும் கிடைத்தது. கடைசியில் நான் போய் நின்றேன்.

"அந்த முதல் லெட்டருக்கும், இன்னைக்கு நடந்ததுக்கும் மன்னிச்சிடுங்க சார்."

"கடவுள் மன்னிப்பார்" என்றார்.

காத்திருந்தேன். மீதிப் பாதி வரவில்லை.

"நானும்ங்கறதை ஃபைலைப் பார்த்துட்டுத்தான் சொல்லணும்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

நான்கு நாள் கழித்து ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. ஹமீதா மேடம் "ஆயிடும்" என்று அனுப்பினார். கண்ணாடியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கோப்பு மேசையில் திறந்திருந்தது. என் பழைய கடிதத்தை இன்ஸ்பெக்டர் அதிலிருந்து உருவி, நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது என்கிட்ட இருக்கட்டும். மாமியார் வந்தா படிச்சுக் காட்டணும்." பிறகு கோப்பின் மேலிருந்த தேதி முத்திரையை விரலால் தேய்த்தார். "உக்காருங்க. அன்னைக்கு நாப்பது பேருக்கு மன்னிப்புக் குடுத்தேன். நான் யார்கிட்டயும் கேக்கல. வீட்டுக்குப் போனப்புறம்தான் தோணுச்சு. இந்த ஃபைல் வந்து ரெண்டு மாசம் ஆச்சும்மா. லெட்டருக்கு முன்னாடியே முடிச்சிருக்கணும். சும்மாவே கிடந்துச்சு. மன்னிச்சுக்கங்க."

ஏட்டு கதவருகில் அசையாமல் நின்றார். நடைமுறை எனக்குத் தெரியும்.

"கடவுள் மன்னிப்பார் சார்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். "மீதி?"

"நீங்க கையெழுத்துப் போட்டதும் சொல்றேன் சார்."

அவர் பேனாவைத் திறந்தார். மூன்று இடத்தில் கையெழுத்து, ஒரு இடத்தில் முத்திரை. மை காயட்டும் என்று கோப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் எல்லா இடத்தையும் சரிபார்த்துவிட்டு, மீதியைச் சொன்னேன்.